ஈறு நிறத்து ஆர்ம்

புதிய கார் வரப்போகிறது என்ற செய்தி வந்தபோது அவள் யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடைக்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெழுகில் ஆறாவது பல்லை நிறுத்தி, சாய்வு சரியா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்த நேரத்தில் மேசையில் கிடந்த போன் மூன்று முறை அதிர்ந்தது. பல்லை அப்படியே விட்டுவிட்டு, மெழுகு ஒட்டிய விரலால் போனைத் திறந்தாள். இருட்டில் எடுத்தது போல ஒரு படம். ஒரு சக்கரம், பம்பரில் ஒரு துண்டு, கீழே ‘விரைவில்’ என்று ஒரே ஒரு வார்த்தை. அதற்கே அவள் ஆறாவது பல்லை மறந்துபோனாள்.

வயது நாற்பத்தொன்பது. பல் ஆஸ்பத்திரிக்கு மாடியில் இருக்கும் லேபில் இருபத்திரண்டு வருடமாகப் பல் செட் செய்கிறாள். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ரிமோட் கார் அவளிடம் வந்தது ஒரு தவறான பரிசினால். அக்கா மகளின் பிறந்தநாளுக்கென்று வாங்கியவள், ஓடுகிறதா என்று பார்க்க ஒரே ஒரு தடவை கூடத்தில் ஓட்டினாள். அது சோபாவைச் சுற்றி வந்து அவள் காலடியில் சறுக்கி நின்றது. அந்தப் பிறந்தநாளுக்கு அக்கா மகளுக்குக் கிடைத்தது ஒரு கைக்கடிகாரம்.

அது ஆறு வருடத்துக்கு முன்னால். இப்போது அவள் கிளப்பில் உறுப்பினர். மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் பின்பக்கத்தில், மண்ணைக் கொட்டி, வளைவும் பள்ளமும் மேடும் வைத்து ஒரு தடம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் இருபத்தொரு பேர், முழங்கை நீளக் கார்களோடு அங்கே கூடுவார்கள். அவள் ஒருத்திதான் பெண். பல் வேலை என்று சொன்ன முதல் நாளே ‘டாக்டரம்மா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை, டெக்னீஷியன் என்று நான்கு வாரம் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

அந்த மங்கலான படத்துக்குப் பிறகு எட்டு மாதம் காத்திருந்தார்கள். காத்திருந்தார்கள் என்று சொல்வது குறைவு. அந்தப் படத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள். மோட்டார் நடுவில் இருக்குமா பின்னால் இருக்குமா என்று இரண்டு கட்சி உண்டானது. பம்பரின் நிழலை வைத்து காரின் அகலத்தைக் கணக்குப் போட்டார் ஒருவர். அதைத் தப்பென்று நிரூபிக்க இன்னொருவர் வரைபடம் போட்டார். இரண்டு பேரும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாவது படம் வந்தது. பிறகு பாகங்களின் பட்டியல். பிறகு ஒரு தேதி, அது தள்ளிப்போய் இன்னொரு தேதி.

ஒவ்வொன்றையும் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுவது கிளப் செயலாளர். காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர். இறக்குமதி செய்யும் விநியோகஸ்தரோடு நேரடிப் பழக்கம் உண்டு. மற்றவர்களுக்கு மத்தியானம் தெரிவது அவருக்குக் காலையில் தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைத் ‘தலைப்புச் செய்தி’ என்றார்கள்.

அவளும் மற்றவர்களுக்குச் சளைத்தவள் இல்லை. சாப்பிடும்போது ஒரு கையில் போன், பல் தேய்க்கும்போதும் போன். ஒரு நாள் காலை கணவர் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட நீ இத்தனை போட்டோ பார்க்கலை.”

“மாப்பிள்ளைக்கு இத்தனை போட்டோ வரலை,” என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.

ரிமோட் கார் கடைக்காரர் முன்பதிவு நோட்டைத் திறந்த அன்று, லேபிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தாள். தலைப்புச் செய்தியே இரண்டாவதுதான். அதை அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

பெட்டிகள் ஒரு புதன்கிழமை வந்தன. அவள் தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். அடுத்த மூன்று மாலைகளில் சாப்பாட்டு மேசையில் திருகாணிகளையும் பற்சக்கரங்களையும் கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து வைத்து, கணவரைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வைத்துக் காரைக் கட்டி முடித்தாள். ஞாயிறு காலை தடத்தில் இறக்கியபோது, எட்டு மாதம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று தெரிந்தது. வளைவில் கார் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்பியது. நேர்ப்பாதையில் ரிமோட்டின் விசையை அழுத்திய மாத்திரத்தில் அது கண்ணுக்குத் தப்பிப் பறந்தது. பக்கத்தில் நின்ற கூரியர்காரர், “அக்கா, இது கார் இல்லை, அம்பு,” என்றார். அவருக்கு முப்பத்தைந்து வயது. நாள் முழுக்க அடுத்தவர் பொட்டலங்களைச் சுமந்து படியேறுகிறவர். தனக்கென்று வந்த ஒரே பொட்டலம் இதுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

தடத்தின் நடுவில் ஒரு பெரிய மேடு இருந்தது. கூன் விழுந்த மாதிரி உயர்ந்து சட்டென்று இறங்கும். ஒட்டகம் என்பது அதன் பெயர். வேகமாக ஏறினால் கார் ஆளுயரம் பறந்து அந்தப் பக்கம் இறங்கும். கிளப்பில் எல்லோரும் வருவதே ஒட்டகத்துக்காகத்தான். அவள் அன்று மூன்று முறை தாண்டினாள். நான்காவது முறை கார் அழகாகத்தான் இறங்கியது. ஆனால் வலது முன்சக்கரம் தனியே உருண்டு வேலி ஓரம் போய் விழுந்தது.

சக்கரத்தைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் விரல் நீளத் துண்டுக்கு ஆர்ம் என்று பெயர். கறுப்பு பிளாஸ்டிக். அது இரும்புப் பின் நுழையும் துளையின் ஓரத்தில் பிஸ்கட்டைப் போல முறிந்திருந்தது. அவள் முறிந்த முகத்தை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த பல் செட்டை எத்தனை ஆயிரம் தடவை அப்படிப் பார்த்திருக்கிறாள். துளையைச் சுற்றிச் சதை போதவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஞாயிறு நான்கு கார்களுக்கு ஆர்ம் போனது. அடுத்த ஞாயிறு ஏழு. பெட்டியோடு உபரி ஆர்ம் எதுவும் வரவில்லை. கடையில் இருந்த பத்தும் ஒரே நாளில் தீர்ந்து, அவையும் அடுத்த வாரமே முறிந்தன. நிறுவனத்துக்கு எழுதிப் போட்டார்கள். முதல் பதிலில், ஓட்டும் முறையைச் சரிபார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. அதைத் தலைப்புச் செய்திதான் குழுவில் போட்டார். மேம்படுத்தப்பட்ட ஆர்ம் தயாரிப்பில் இருக்கிறது, வெளியாகும் தேதி பின்னர் அறிவிக்கப்படும், அதுவரை உறுப்பினர்கள் பாதி வேகத்தில் ஓட்டி ஒத்துழைக்கவும். கீழே அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: பொறுமை காப்போம்.

பதினாறு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். மேம்பட்ட ஆர்ம் எப்படி இருக்கும் என்று உடனே விவாதம் தொடங்கிவிட்டது. ஒருவர் வரைபடம்கூடப் போட்டார்.

அவளுக்கு அந்த ‘பாதி வேகம்’தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அன்று மாலை கணவரிடம் அதைப் படித்துக் காட்டினாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“பல்லு உடைஞ்சு வர்றவங்ககிட்ட நான் என்னிக்காவது இப்படிச் சொல்லியிருக்கேனா? நல்ல பல்லு தயாராகிட்டிருக்கு, தேதி அப்புறம் சொல்றோம், அதுவரைக்கும் பாதி மென்னுக்கோங்கன்னு?”

“சொன்னா உன் பல்லைப் பிடுங்கியிருப்பாங்க,” என்றார் அவர்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தாள். ஒட்டகத்தின் முன்னால் சிவப்பும் வெள்ளையுமான தடுப்பு நாடா கட்டியிருந்தது. மேட்டைச் சுற்றிப் போகத் தட்டையாக ஒரு புதுப் பாதை வெட்டியிருந்தார்கள். பாகங்களைக் காப்பாற்றவென்று செயற்குழு எடுத்த முடிவாம். எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய அம்புகள் அந்தப் பாதையில் சவ ஊர்வலம் போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் காரைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

லேபில் கம்பி இல்லாத, வளைந்து கொடுக்கும் பல் செட் ஒன்று செய்வார்கள். அது நைலான். உறையில் அடைத்து வரும் நைலான் மணிகளை உலையில் உருக்கி, சாந்து அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால், தரையில் போட்டு மிதித்தாலும் உடையாத செட் கிடைக்கும். அந்த வேலை லேபில் அவள் பொறுப்பு. திங்கட்கிழமை காலை அவள் முறிந்த ஆர்மை நகத்தால் கீறிப் பார்த்தாள். துண்டை நெருப்பில் காட்டி முகர்ந்தாள். இதுவும் நைலான்தான். இருபத்திரண்டு வருடமாகத் தான் கையாளும் அதே சரக்குக்காக, எங்கோ இருக்கும் ஒருவர் தேதி சொல்வார் என்று உட்கார்ந்திருந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

லேபின் உரிமையாளர் ஒரு பல் மருத்துவர். கை நடுக்கம் வந்ததால் ஊசியை விட்டுவிட்டு லேபை நடத்துகிறவர். சாந்து ஒரு கரண்டி வீணானாலும் கேள்வி கேட்பார். காலாவதியான நைலான் உறைகள் ஒரு டப்பா நிறைய அலமாரியின் மேல்தட்டில் கிடப்பது அவளுக்குத் தெரியும். திருட்டுத்தனமாக எடுக்க மனம் வராமல் நேரே போய்க் கேட்டாள். மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“வாயில வைக்கப் போறதில்லையே?”

“இல்லை மேடம். மண்ணுல ஓடப் போகுது.”

எதுவென்று மேடம் கேட்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் செய்துகொள், உலையைத் துடைத்து வை என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

முதல் ஆர்ம் சுருங்கிப் போனது. இரும்புப் பின் துளைக்குள் நுழையவே இல்லை. இரண்டாவதில் நடுவில் ஒரு காற்றுக் குமிழி. மூன்றாவது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் கொழகொழவென்று வளைந்தது. சக்கரம் மாட்டினால் கார் மாறுகண் வைத்த மாதிரி நின்றது. அவள் சலித்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் மெழுகைச் சீவினாள். வளையாமலிருக்க அடிப்பக்கம் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு வைத்தாள். கடைவாய்ப் பல்லைப் பிடிக்கும் கொக்கிக்குத் தடிமன் கொடுப்பது போலத் துளையைச் சுற்றி மெழுகைக் கூட்டினாள். சுருக்கத்துக்கு ஈடாகத் துளையை ஒரு மயிரிழை பெரிதாக்கினாள். ஒன்பதாவது நாள், நான்காவது ஆர்ம் அச்சிலிருந்து வந்தது. பல் செட்டுக்குச் செய்வது போலவே வெந்நீரில் ஊறப்போட்டு எடுத்து, ஒரு முனையை இடுக்கியில் பூட்டி, மறு முனையில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். அது வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது.

ஒரே ஒரு சங்கடம், நிறம். லேபில் இருந்த நைலான் எல்லாம் ஈறு நிறம். காரின் கறுப்பு உடம்பிலிருந்து அது நாக்கைத் துருத்தியது போல நீட்டிக்கொண்டிருந்தது.

கணவர் காரைத் திருப்பிப் பார்த்தார். லிஃப்டுக்குள் ஆளை வைத்துத் தூக்குகிறவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று தொட்டாலே தெரியும். ஆர்மை இரண்டு விரலால் முறுக்கிப் பார்த்துவிட்டு, தாங்கும் என்றார். பிறகு, நைலானுக்குச் சாயம் பிடிக்குமே, துணிக்குப் போடும் கறுப்புச் சாயத்தில் கொதிக்க வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாதே என்றார்.

“தெரியட்டுமே. நான் ஏன் ஒளிச்சு வைக்கணும்?”

“அதுக்கில்லை. வீணா ஒரு பேச்சு வரும்.”

“வரட்டுங்க. பேசறவங்களுக்கும் வாயில பல்லு இருக்கும். அதுல பாதி நாங்க செஞ்சதா இருக்கும்.”

காரின் மறுபக்கத்துக்கும் ஒன்று செய்து மாட்டினாள். இன்னும் மூன்று ஜோடி செய்து பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஆண்டுப் போட்டிக்கு அப்போது பத்து நாள் இருந்தது. அவள் ஆர்மின் படத்தைக் குழுவில் போடவில்லை, மறைக்கவும் இல்லை. உடைகிறதா என்று பார்க்கக் கடைக்குப் பின்னாலிருந்த படிக்கட்டில் காரை விட்டுக் காட்டினாள். கார் ஏழு படி உருண்டு விழுந்து எழுந்து ஓடியது. கடைக்காரர் வாயைப் பிளந்தார். அவர் வழியாகச் செய்தி தலைப்புச் செய்திக்குப் போயிருக்க வேண்டும். வியாழக்கிழமை குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது: ஆண்டுப் போட்டியில் நிறுவனத்தின் அசல் பாகங்கள் பொருத்திய கார்களுக்கு மட்டுமே அனுமதி.

கூரியர்காரர் அவளுக்குப் போன் செய்தார். அக்கா, இது உங்களுக்காகவே போட்ட விதி என்றார். தெரியும் என்றாள். வருவீர்களா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு என்ன வேலை என்றாள்.

போட்டியன்று வெளியிலிருந்து மூன்று கிளப்கள் வந்திருந்தன. விநியோகஸ்தரின் பிரதிநிதி ஒருவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு நிழல் பந்தலில் உட்கார்ந்திருந்தார். தடத்தின் வேலி நெடுக அவர்களுடைய விளம்பரத் துணி. ஒட்டகத்தின் முன்னால் நாடா புதிதாக, இரட்டை வரிசையாகக் கட்டியிருந்தது.

கார்களைச் சோதிக்கும் மேசையில் தலைப்புச் செய்தி உட்கார்ந்திருந்தார். அவள் காரை வைத்தாள். அவர் அதைத் தொடவே இல்லை.

“டாக்டரம்மா, அறிவிப்பு பார்த்தீங்கல்ல.”

“பார்த்தேன்.”

“அப்புறம் இதைக் கொண்டுவந்து வெச்சா நான் என்ன பண்றது?” அவர் குரலைத் தாழ்த்தினார். “விநியோகஸ்தர் ஆளு வந்திருக்கார். அவர் எதிர்ல இது நல்லாவா இருக்கும்? கொஞ்சம் விட்டுக்கொடுங்க. அடுத்த மாசம் புது ஆர்ம் வந்துடும்னு சொல்றாங்க.”

“வரட்டும். நல்லா இருந்தா நானே முதல் ஆளா வாங்கிக்கிறேன். இன்னிக்கு என்ன பண்றது?”

“எல்லாரும் பண்றதைப் பண்ணுங்க. அசலை மாட்டி, மெதுவா ஓட்டுங்க.”

“மெதுவா ஓட்டறதுக்கு நான் கார் வாங்கலை. வீட்ல ஒரு தையல் மெஷின் இருக்கு, அதையே மிதிப்பேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தலைப்புச் செய்தியின் காது சிவந்தது. பேனாவை எடுத்து, பட்டியலில் அவள் பெயர் மேல் கோடு இழுத்தார். சுற்றுகளை எண்ணுவதற்காகக் காரில் பொருத்தும் சில்லைத் திருப்பித் தரச் சொன்னார். அவள் தந்தாள்.

அவள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கணவர்கூட வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். அவள் மடக்கு நாற்காலியை வேலி ஓரம் விரித்துப் போட்டு, காரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தகுதிச் சுற்றுகள் நான்கும் முடியும் வரை அசையவில்லை. பெட்டியை மட்டும் திறந்து திறந்து மூடினாள். வந்திருந்த கிளப்களின் கார்களும் புதியவைதான், அவர்களும் பாதி வேகத்தில்தான் போனார்கள். அப்படியும் இரண்டு ஆர்ம் முறிந்தது. பந்தலில் பிரதிநிதி போன் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்ப ஆரம்பித்தன.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் இருபது நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் உறுப்பினர் யார் வேண்டுமானாலும் தடத்தில் ஓட்டிப் பழகலாம் என்பது கிளப் தொடங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம். அதைப் பற்றி வியாழக்கிழமை அறிவிப்பில் எதுவும் இல்லை. அவள் அதை மூன்று முறை படித்துப் பார்த்திருந்தாள்.

இடைவேளை மணி அடித்ததும் எழுந்தாள். காரைத் தடத்தில் வைக்கவில்லை. நேரே தடத்துக்குள் நடந்தாள். செருப்பில் மண் அப்ப, ஒட்டகத்தின் முன்னால் போய் நின்று, நாடாவின் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். இரண்டாவது வரிசையையும் அவிழ்த்தாள். இரண்டையும் ஒழுங்காகச் சுருட்டி வேலிக் கம்பில் மாட்டினாள். அதற்குள் தலைப்புச் செய்தி ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார். தடத்தை விட்டு வெளியே வாருங்கள் என்று இரண்டு முறை மரியாதையாகவும் ஒரு முறை மரியாதை இல்லாமலும் சொன்னார். அவள் காரைத் தடத்தில் இறக்கி, ரிமோட்டும் பெட்டியுமாக ஓட்டுநர் மேடையில் ஏறி, ஓரத்தில் நின்று, விசையை முழுக்க அழுத்தினாள்.

மாதக்கணக்கில் அங்கே கேட்காத சத்தம் அது. கார் நேர்ப்பாதையைக் கீறிக்கொண்டு வந்து ஒட்டகத்தின் மேல் ஏறி, வானத்தில் நின்றது. எத்தனை நேரம் நின்றது என்பதில் பார்த்தவர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பிறகு நான்கு சக்கரமும் ஒன்றாக மண்ணில் இறங்கி, ஒரு குலுக்கலோடு ஓடியது. ஈறு நிற ஆர்ம் இரண்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. வேலி ஓரம் யாரோ கை தட்டினார்கள். கிளம்பிக்கொண்டிருந்த குடும்பங்கள் நின்றன. இரண்டாவது தடவை. மூன்றாவது. நான்காவது தாண்டலுக்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கார் இறங்கியது, ஓடியது. அதற்குமேல் அவள் எண்ணவில்லை.

மேடைக்குக் கீழே யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். கூரியர்காரர். அவர் கையில் அவருடைய கார். அவர் இறுதிச் சுற்றுக்கு மூன்றாவது இடத்தில் தேறியிருந்தார். அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

“ஒரு ஜோடி குடுங்க அக்கா.”

“வேண்டாம் தம்பி. மாட்டினா ஃபைனல்ல விடமாட்டாங்க.”

“தெரியும்,” என்றார் அவர். “குடுங்க.”

அவள் காலால் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆறு நிமிடத்தில் ஆர்மை மாற்றினார். மேசையிலிருந்து தலைப்புச் செய்தி அவர் பெயரைச் சொல்லி எச்சரித்தார். கூரியர்காரர் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார், புரிகிறது என்பது போல. பிறகு காரைத் தடத்தில் விட்டார். மீதி இரண்டு ஜோடிகளில் ஒன்றைப் பம்பர் நிழலுக்கு வரைபடம் போட்டுச் சண்டை பிடித்தவர் எடுத்துக்கொண்டார். இன்னொன்றை வெளி கிளப்பிலிருந்து வந்த, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மனிதர் கேட்டு வாங்கினார். இடைவேளை முடிந்து மணி அடித்தபோது நான்கு கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டகத்தின் மேல் பறந்துகொண்டிருந்தன. மணி அடித்ததும் அவள் நிறுத்திவிட்டாள். இறுதிச் சுற்றைக் கெடுக்க அவள் வரவில்லை. காரை எடுத்துத் துணியால் துடைத்தாள். ஆர்மில் ஒரு கீறல் இருந்தது. விரிசல் இல்லை.

ஆர்மை மாற்றிய மூன்று பேரும் தேறியவர்கள்தான்; இறுதிச் சுற்று அவர்கள் இல்லாமல், மேட்டைச் சுற்றிப் போகும் பாதையில் நடந்தது. யாரோ ஜெயித்தார்கள். கோப்பை கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

அவள் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தபோது பிரதிநிதி வந்தார். ரொம்ப நன்றாக இருந்தது மேடம் என்று தொடங்கி, அந்த ஆர்மில் ஒன்று கொடுத்தால் நிறுவனத்துக்கு அனுப்பி ஆராயச் சொல்வேன் என்றார். அவள் நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“தயாரிப்புல இருக்குங்க. தேதி அப்புறம் அறிவிக்கிறேன். அதுவரைக்கும் பொறுமையா இருங்க.”

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாளே செயற்குழு அவளை மூன்று மாதம் விலக்கி வைத்தது. கூரியர்காரரையும் அந்த வரைபடக்காரரையும் ஒரு மாதம். காரணம்: தடத்தின் பாதுகாப்பு ஏற்பாட்டைச் சேதப்படுத்தியது. நாடாவைச் சுருட்டித்தானே வைத்தேன் என்று அவள் கணவரிடம் பொருமினாள். அந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. துணி மடித்தாள். அக்கா வீட்டுக்குப் போனாள். இந்த வயசில் பொம்மைக்காகப் போய்ச் சண்டை போட்டாயாமே என்று அக்கா கேட்டபோது, ஆமாம், அடுத்த தடவை நீயும் வா, எனக்கு ஆள் குறைகிறது என்றாள். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது கண் கலங்கியது. தடத்து மண்ணின் வாசனை மூக்கிலேயே நின்றது. அவளிடம் ஆர்ம் கேட்டுப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். காலாவதி நைலான் தீரும் வரை செய்து கொடுத்தாள். செயற்குழுவில் இருந்த ஒருவர்கூடத் தன் மருமகனை விட்டு வாங்கிக்கொண்டார்.

ஏழு வாரம் கழித்து நிறுவனத்தின் மேம்பட்ட ஆர்ம் வந்தது. துளையைச் சுற்றித் தடிமன், அடியில் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு. சொன்னபடியே அவள் முதல் நாளே போய் ஒரு ஜோடி வாங்கினாள். இடுக்கியில் பூட்டித் தொங்கிப் பார்த்தாள். தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. துளை துல்லியமாக இருந்தது. அதை அப்படியே குழுவில் எழுதினாள். இது நல்ல பாகம், நம்பி வாங்கலாம், முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம் என்று.

மூன்று மாதம் முடிந்தபோது கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மீண்டும் சேர்வதற்கு எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. கணவர் படித்துவிட்டு, இரண்டு வரி எழுதிப் போட்டுவிடேன், உனக்கு ஓட்டாமல் இருக்க முடியவில்லையே என்றார். அவர் சொன்னது உண்மை. அவள் ஒரு நாள் முழுக்க அதைப் பற்றி யோசித்தாள். லேபில் ஒரு மேல்தாடைக்குப் பல் அடுக்கி முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினாள்.

அதைப் பொதுக்கூட்டத்தில் தலைப்புச் செய்தியே வாசிக்க வேண்டியிருந்தது. கடிதத்தை வாசிப்பது செயலாளரின் வேலை. கூரியர்காரர் பிறகு அவளிடம் சொன்னபடி, அவர் முதலில் மனதுக்குள் படித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறகுதான் சத்தமாக வாசித்தாராம். கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது:

‘நாடாவை அவிழ்த்தது நான்தான். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை. மேடு கட்டுவதற்கு நானும் எட்டு ஞாயிற்றுக்கிழமை மண் சுமந்தேன். மறுபடி அதைக் கட்டி மூடினால் மறுபடி அவிழ்ப்பேன். என்னைச் சேர்த்துக்கொள்வதும் கொள்ளாததும் உங்கள் விருப்பம். சேர்த்துக்கொண்டால் சந்தோஷப்படுவேன்.’

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். சேர்த்துக்கொள்ளலாம் என்று பதினான்கு கை. வேண்டாம் என்று ஐந்து. தலைப்புச் செய்தியின் கை எங்கே இருந்தது என்று அவள் கேட்டாள். தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது, எந்தப் பக்கமும் எழவில்லை என்றார் கூரியர்காரர்.

அந்த ஞாயிறு அவள் போனாள். ஒட்டகத்தின் முன்னால் நாடா இல்லை. தட்டைப் பாதையை மண் போட்டு மூடியிருந்தார்கள். தலைப்புச் செய்தி சோதனை மேசையில் அவள் காரைத் திருப்பிப் பார்த்தார். கீறல் விழுந்திருந்த வலது பக்கம் புதுக் கறுப்பு ஆர்ம், இடது பக்கம் ஈறு நிறம். கறுப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நல்லபடியாக இருக்கும் ஒன்றை எதற்குக் கழற்ற வேண்டும் என்று அவள் அப்படியே விட்டிருந்தாள். அவர் சில்லை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துப் பொருத்திக்கொண்டாள்.

அன்று அவள் ஆறாவதாக வந்தாள். கடைசிக்கு முந்தைய வளைவில் அகலமாகப் போய்விட்டாள். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது.